நைனா நரகத்துக்குப் போன சாயங்காலம்

சாத்தானுக்கு முன்னால் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, கடைசியில் உம்முடைய வாசலுக்கு வந்து சேர்ந்தேன்" என்று கண்ணீர் மல்கச் சொன்ன கிறிஸ்தவர் உலகத்தில் என் அப்பா, என் நைனா ஒருவராகத்தான் இருப்பார். செஞ்சியில் அதை நேரில் பார்த்தவர்கள் நிறையப் பேர். செல்போனில் பிடித்து வைத்திருப்பவர்களும் உண்டு. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது இன்றைக்கும் யாராவது அதைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

சாத்தானாக நின்றது பிரின்ஸ். கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் செய்கிறவன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவன், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறவன். அப்பா வயதுள்ள மனிதர் காலடியில் முழங்கால் போட்டதும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெர்மாகோல் கொம்பு சரிய, குனிந்து நைனாவின் தோளைத் தொட்டான்.

"அங்கிள், எழுந்துருங்க. இது நரகம்."

நரகத்துக்கென்று மைக் செட்டுக்காரர் தனியாக எதிரொலி வைத்திருந்தார். நரகம், நரகம், நரகம் என்று அது கடைத்தெரு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது.

நைனாவுக்குப் பின்னால் ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. நாடகத்தில் ஆடு கிடையாது.

இதையெல்லாம் நான் பரலோகத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கவுன், முதுகில் இறக்கை, தலைக்கு மேல் கம்பியில் கட்டிய ஜிகினா வளையம். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என்னுடைய கல்யாணம் நடப்பதும் நடக்காததும் அந்த நாடகத்தில் வந்து மாட்டிக்கொண்டிருந்தது.

போன வாரம் இதே பக்கத்தில் என்னைப் பெண் பார்க்க வந்த கதையை எழுதியதும், "அப்புறம் கல்யாணம் நடந்ததா இல்லையா, அதைச் சொல்லாமல் முறுக்கைப் பற்றியே எழுதினால் எப்படி?" என்று ஒரு வாசகி கோபித்திருந்தார். அவருக்காகத்தான் இந்த வாரம் நேராக நரகத்தில் ஆரம்பித்தேன்.

சீட்டில் வந்தால் வந்ததுதான்

எங்கள் சபை சின்னது. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அதனாலேயே எல்லாருக்கும் எல்லாரோடும் சண்டை. வருஷா வருஷம் கிறிஸ்மஸ் முடிந்த கையோடு கோயில் வளாகத்தில் 'பரலோகப் பயணம்' என்று ஒரு நாடகம் போடுவோம். ஒரு பாவி, பாவ மூட்டையைச் சுமந்துகொண்டு புறப்படுவார். வழி இரண்டாகப் பிரியும். ஒன்று நரகத்துக்கு, ஒன்று பரலோகத்துக்கு. சரியான வழியில் ஏறி வந்தால், பரலோகத்தின் வாசல்காரர் மூட்டையை இறக்கி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார். தேவதூதர்கள் பாடுவார்கள். பிறகு எல்லாருக்கும் சுண்டல்.

யாருக்கு எந்த வேஷம் என்பது சீட்டுக் குலுக்கல்தான். முன்பெல்லாம் போதகரே, நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிறவரே, வேஷம் கொடுத்தாராம். ஒரு வருஷம் தேவதூதன் வேஷம் கிடைக்காத குடும்பம் ஒன்று கோபித்துக்கொண்டு வேறு சபைக்கே போய்விட்டது. அதிலிருந்து சீட்டு. சீட்டில் வந்தது ஆண்டவர் கொடுத்தது, அதை மாற்றிக் கேட்கக் கூடாது. அப்படித்தான் ஒரு முறை முறுக்கு மீசை வைத்த கண்டக்டர் ஒருவர் ஏழை விதவையாக நடித்தார். மீசையை எடுக்க மறுத்துவிட்டார். முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டே முழு நாடகமும் அழுதார்.

அந்த வருஷம் சீட்டைப் பிரித்துப் படித்தபோது, பாவி என்று நைனாவின் பெயர் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்து, வாசல்காரர் என்று ஜெபமணி மாமாவின் பெயர் வந்தது. கை தட்டல் பாதியில் நின்றது.

ஜெபமணி மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. அவர் நைனாவை மாமா என்பார், நைனா அவரை மச்சான் என்பார். அதாவது, பேசிக்கொண்டிருந்த காலத்தில். அப்போது அவர்கள் பேச்சு விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஒரு பலாப்பழத்தின் பயணம்

சண்டைக்குக் காரணம் நிலமில்லை, நகையில்லை. ஒரு பலாப்பழம்.

மாமா ஒரு வேலையாகப் பண்ருட்டிக்குப் போனவர், நைனாவுக்குப் பலாப்பழம் உயிராயிற்றே என்று நல்ல பெரிய பழமாகப் பார்த்து வாங்கி, இரண்டு பஸ் மாறி, தோளில் தூக்கிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த நேரம் பார்த்து நைனா டி.வி.எஸ். வண்டியில் அந்தப் பக்கம் போனார். மாமா "மாமா, மாமா" என்று கத்தினார். நைனா வண்டியை மெதுவாக்கினார். திரும்பினார். மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

மாமா பழத்தோடு வீட்டுக்கு நடந்தார். வைராக்கியத்தில் முழுப் பழத்தையும் தானே தின்றார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். பார்க்கப் போன அம்மாவிடம், உன் புருஷன் என்னைக் கூலிக்காரனைத் துரத்துவதுபோலத் துரத்திவிட்டார், இனி அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சொல்லியனுப்பினார்.

நைனா ஆடிப்போய்விட்டார். நான் பார்க்கவே இல்லை என்று சாதித்தார். ஆனால் அதை யார் நம்புவார்கள்?

கழுகுக் கண்

ஏன் நம்பவில்லை என்றால், நைனாவின் கண்ணைப் பற்றி நைனாவே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தாலுகா ஆபீசுக்கு எதிரில் அவருக்கு ஜெராக்ஸ் கடை. பழைய பத்திரங்களில் எறும்பு ஊர்ந்தது மாதிரி இருக்கும் எழுத்தை, கண்ணாடி இல்லாமல், மூக்கருகே பிடித்துக் கடகடவென்று படிப்பார். கோயிலில் பாடம் வாசிப்பதும் அவர்தான். பொடி எழுத்து வேதப் புத்தகம்தான் வேண்டும் என்பார். அவரைவிட இளையவர்களெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கி ஒரு சொல் தடுக்காமல் வாசித்துவிட்டு, பெருமையாக ஒரு பார்வை பார்ப்பார். ஆண்டவர் எனக்குக் கழுகுக் கண்ணைக் கொடுத்திருக்கிறார் என்று சாட்சி சொல்லும் கூட்டத்திலேயே சொன்னவர் அவர்.

இப்படிப்பட்ட கண்ணுக்கு, பத்தடியில் பலாப்பழத்தோடு நின்ற மச்சான் தெரியவில்லை என்றால் எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்?

இப்போது யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வாசலில் வெள்ளை வேட்டி கட்டி நிறுத்தியிருக்கும் பொம்மைக்கு அவர் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து "ஸ்தோத்திரம்" சொல்வார். தமாஷ் பண்ணுகிறார் என்று நாங்கள் சிரிப்போம். எங்கள் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்து வைப்பார்.

இதில் என் கல்யாணம் எங்கே வந்தது? எங்கள் வீட்டில் தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் மணப்பெண் வாசலை விட்டு இறங்க வேண்டும். அதற்கப்புறம்தான் கோயில், ஆராதனை, எல்லாம். கோயிலில் என் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்த முதல் ஞாயிறு, மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் மெல்ல விசாரிக்க ஆரம்பித்தார்கள். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "எந்தம்பி வந்து கை புடிக்காம எம்பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது. தேதிய மாத்துனா மாத்துங்க."

போதகர் பேசிப் பார்த்தார். அவர் முதலில் வரட்டும் என்றார் மாமா. நான் செய்யாத தப்புக்கு நான் ஏன் போக வேண்டும் என்றார் நைனா. அந்த நேரத்தில்தான் சீட்டு விழுந்தது. இது ஆண்டவருடைய கை என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு மட்டும் போதகர் மனைவியின் கை மேல் சந்தேகம். சீட்டுகளை மடித்தது அவர்தான்.

பாறை மேல் பரலோகம்

செஞ்சியில் எங்கே திரும்பினாலும் பாறை. ராஜா கோட்டை கட்டியதும் பாறை மேல்தான், சாமியார் தவம் செய்ததும் பாறை மேல்தான். எங்கள் கோயிலுக்குப் பின்னாலும் படி வெட்டிய ஒரு பெரிய பாறை உண்டு. அதுதான் வழக்கமாகப் பரலோகம்.

வருஷா வருஷம் முதல் வரிசையில் வந்து உட்காருகிறவர் மேல்சித்தாமூர் அப்பாண்டைராஜ். கடைத்தெருவில் நெல் மண்டி வைத்திருக்கிற சமணர். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார் என்பதால் அவருக்கு மட்டும் சுண்டல் முன்கூட்டியே போய்விடும். தொண்டூரில் அவர்களுடைய முனிவர்கள் கல்லைக் குடைந்து படுத்த படுக்கைகள் இருக்கின்றன. அதைக் காட்டி ஒரு முறை நைனாவிடம் சொன்னார், எங்கள் ஆட்கள் மோட்சத்துக்குப் போகக் கல்லில் படுத்தார்கள், உங்கள் ஆட்கள் கல்லில் ஏறுகிறார்கள், ஆகமொத்தம் நம்மூரில் முட்டிக்கும் முதுகுக்கும்தான் கேடு என்று. நைனா அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாடகத்தை நடத்தும் ஸ்டீபன் வாத்தியார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் ஊதித்தான் ஒத்திகை நடத்துவார். ஆனால் நைனா வருகிற நாள் மாமா வரமாட்டார், மாமா வருகிற நாள் நைனா வரமாட்டார். ஆகவே பாவி தனியாக ஒரு சுவரைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். வாசல்காரர் தனியாக ஒரு தூணை வரவேற்றார். இதெல்லாம் கோயிலுக்குப் பக்கத்து ஹாலில். அங்கே பரலோகம் இடது பக்கம், பீரோ ஓரமாக இருந்தது. வெளியே உண்மையான பாறை வலது பக்கம். இதை யாரும் நைனாவுக்குச் சொல்லவில்லை. கழுகுக் கண்காரருக்குப் போய் எதைச் சொல்வது?

இன்னொன்று. நரகம் வாலிபர் சங்கத்தின் பொறுப்பு, பரலோகம் பெரியவர்களின் பொறுப்பு. வாலிபர்கள் சிவப்பு சீரியல் பல்பு, சாம்பிராணிப் புகை, மினுமினுக்கும் ஜரிகைத் தோரணம் என்று ஜமாய்த்துவிட்டார்கள். பெரியவர்கள் பரலோகத்துக்கு ஒரு டியூப் லைட் போட்டார்கள். அதுவும் விட்டு விட்டு எரிந்தது.

மல்லாட்டைக் கொடி

பாவ மூட்டை பார்க்கப் பெரிதாகவும் தூக்க லேசாகவும் இருக்க வேண்டும். போன வருஷம்வரை பஞ்சுத் தலையணை அடைத்தார்கள். இந்த முறை தலையணை கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. எங்கள் பக்கம் நிலக்கடலை, அதாவது மல்லாட்டை, பிடுங்கி முடித்த காலம். வாத்தியார் காய்ந்த மல்லாட்டைக் கொடியைக் கொண்டுவந்து சாக்கில் திணித்துவிட்டார். செலவும் இல்லை, கனமும் இல்லை.

மல்லாட்டைக் கொடி என்றால் ஆடு சோறு தண்ணி மறந்துவிடும் என்பதை ஊரில் யாரும் அந்த நேரம் நினைத்துப் பார்க்கவில்லை.

விசில் ஊதியது. சாக்கைச் சுமந்து, கந்தல் போர்த்தி, நைனா கோயில் வாசலிலிருந்து புறப்பட்டார். நல்ல நடிப்பு. ஐந்தடி நடப்பார், ஒரு பெருமூச்சு விடுவார். வேப்பமரம் தாண்டியதும் எங்கிருந்தோ அந்த ஆடு வந்து சாக்கின் ஓட்டையில் வாயை வைத்தது. நைனா இழுத்தார், ஆடும் இழுத்தது. பாவம் தன்னை விடமாட்டேன் என்கிறது என்று கூட்டத்தைப் பார்த்துச் சமாளித்தார். நல்ல வசனம் என்று அப்பாண்டைராஜ் கை தட்டினார்.

வழி பிரிகிற இடம் வந்தது. வலது பக்கம் குறுகலான வழி, பாறை, டியூப் லைட் அணைந்திருந்தது. இடது பக்கம் அகலமான வழி, ஜெகஜோதியாக ஒளி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெயர்ப் பலகை இருந்தது. நைனா பலகைகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நரகத்துக்குத் திரும்பினார். ஆடும் கூடவே போனது.

வாத்தியார் விசிலை ஊதினார். நைனா அதைத் தேவதூதரின் எக்காளம் என்று நினைத்து நடையை இன்னும் வேகப்படுத்தினார். முழங்கால் போட்டார். மேலே சொன்ன வசனத்தைச் சொன்னார். பிரின்ஸ் குனிந்து, கொம்பு கிட்டத்தில் வந்த பிறகுதான் நைனாவுக்குத் தெரிந்தது, எதிரில் இருப்பது பரலோகத்து வாசல்காரர் இல்லை என்று.

எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. சிரிப்பு வருகிற திசையில் திரும்பி, கையை நீட்டித் தடவுவது மாதிரி இரண்டடி வைத்தார். சீரியல் பல்பு வயர் காலில் மாட்டியது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அது நடிப்பில்லை.

வாசல்காரர் இறங்கினார்

என் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். பஞ்சுத் தாடி, கையில் கோல், தாடிக்குள் காலர் மைக். பரலோகத்தின் கதவு பிளைவுட்டில் செய்தது, உள்பக்கம் தாழ்ப்பாள். பாவி வந்து தட்டும்வரை திறக்கவே கூடாது என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மாமா கீழே நைனாவையே பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "இந்த மனுசனுக்குக் கண்ணே தெரிலடி," என்று என்னிடம் சொன்னார். மைக் வழியாக அது ஊருக்கே கேட்டது. கோலைப் போட்டார். கதவைத் திறக்கக் கூடாது என்ற நினைப்பு மட்டும் அந்த நேரத்திலும் அவருக்கு மறக்கவில்லை. பாறையின் பின்பக்கம் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற சரிவில் உட்கார்ந்து, அங்கியைச் சுருட்டிக்கொண்டு, சர்ரென்று இறங்கிவிட்டார்.

பரலோகத்தின் வாசல்காரர் நரகத்துக்குள் ஓடினார். மாமா வயரை விலக்கினார். நைனாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாங்க மாமா. இந்தப் பக்கம்."

அத்தனை வருஷத்தில் அவர் நைனாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

கையைப் பிடித்துக்கொண்டு, படி பார்த்து, கல் பார்த்து ஏற்றிக் கூட்டி வந்தார். சாக்கு அதற்குள் காலியாகித் தோளில் துணியாகத் தொங்கியது. ஆடு பாறையடியில் நின்றுகொண்டது. வாசலுக்கு வந்து மாமா கதவைத் தள்ளினார். உள் தாழ்ப்பாள். போட்டவரே வெளியே நிற்கிறார். இரண்டு பேரும் பரலோகத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்தார்கள். மைக் இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

"கண்ணு தெரிலன்னா தெரிலன்னு சொல்றதுக்கு இன்னா மாமா?"

"கிட்டக்க எல்லாம் நல்லாத்தான் தெரியுது. தூரத்துலதான் பொக போட்ட மாதிரி இருக்குது."

"அப்ப அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல?"

"எவனோ பழம் விக்கிறவன் கூப்புடுறான்னு நெனச்சேன் மச்சான். பலாப்பழம் தெரிஞ்சுது. நீ தெரில."

கூட்டம் சிரித்தது. அது கூட அவர்களுக்குக் கேட்கவில்லை.

"அத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"ஊரெல்லாம் கழுகுக் கண்ணுன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்டி சொல்றது?"

மாமா தாடியைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குன்னுதான் வாங்கியாந்தேன் அந்தப் பழத்த," என்றார்.

கீழே முதல் வரிசைக்குப் பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தேவதூதர்கள் அசையக் கூடாது என்று வாத்தியார் எனக்குக் கையால் சைகை காட்டினார். நான் அசைந்தேன். இறக்கை கதவு நிலையில் மாட்டி ஒரு பக்கம் பிய்ந்தது. பிய்ந்தால் பிய்யட்டும் என்று தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தேன். விட்டு விட்டு எரிந்த டியூப் லைட் அந்த நேரம் பார்த்து அணைந்தது.

நைனா இருட்டில் முகத்தைத் தூக்கி, "யாரு, தேவதூதனா?" என்று கேட்டார்.

"நான்தான் நைனா. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

அடுத்த ஞாயிறு போதகர் இதையே பிரசங்கம் பண்ணினார். வாசலில் நின்று காத்திருக்காமல் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கொண்டுவருவதுதான் சுவிசேஷம் என்றார். ஆட்டையும் விடவில்லை. பாவத்தை இருந்த இடம் தெரியாமல் தீர்த்துவிடுகிற கிருபை என்று அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார். ஆட்டுக்காரர் அதற்குப் பிறகு அந்த ஆட்டை விற்கவே இல்லை.

கண்ணாடி வந்தது

மாமாவே நைனாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய நைனா, சோடாபுட்டிக் கண்ணாடியோடு ரோட்டு நடுவிலேயே நின்றுவிட்டாராம். ராஜகிரிக் கோட்டை மலையை அண்ணாந்து பார்த்து, "மச்சான், மேல இன்னாடா அவ்ளோ கட்டடம் இருக்குது," என்று கேட்டாராம். பல வருஷமாக அதை வெறும் மலை என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து எங்களையெல்லாம் வெளியே கூப்பிட்டு, நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற கோட்டையை எங்களுக்கே கை நீட்டிக் காட்டினார். ஜவுளிக்கடை பொம்மைக்கு மட்டும் ஸ்தோத்திரம் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. இவ்வளவு நாள் பழக்கம், திடீரென்று விட்டால் நன்றாக இருக்காது என்றார்.

கல்யாணத்தன்று மாமா வந்து என் கையைப் பிடித்தார். வாசப்படி தாண்டினேன். அம்மா அழுதாள். காரில் நான், அம்மா, முன்னால் நைனா, என் பக்கத்தில் மாமா. நேராகக் கோயிலுக்குப் போக வேண்டிய கார் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும், "கொஞ்சம் நிறுத்துப்பா," என்றார் நைனா. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, ஜன்னலை இறக்கி, பஸ் ஸ்டாண்டு முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகப் பார்த்தார். அந்தக் கடைசியில் குடையோடு நின்ற அப்பாண்டைராஜைக் கண்டுபிடித்தார். திண்டிவனத்து அத்தையைக் கண்டுபிடித்தார். அப்புறம் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இரண்டு பேர். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினார். என் மடியில் அத்தை, அத்தை மடியில் யாருடைய குழந்தையோ ஒன்று. கல்யாணப் புடவை கசங்கிக் கந்தலாகிவிட்டது.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வியர்த்து விறுவிறுத்து நின்றார். போதகர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, பெண்ணைக் கொண்டுவர இவ்வளவு நேரமா என்று கேட்டார்.

நைனா மாமாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"வழியில நம்மாளுங்க நின்னுக்கினு இருந்தாங்க ஐயரே. கண்ணுல பட்டப்புறம் எப்டி வுட்டுட்டு வர்றது?"